பைத்தானில் லிஸ்டை அனுப்பினால் போவது மதிப்பா, ரெஃபரன்ஸா?

மேல்நிலைக் கணினி எழுதியது:

மன்றத்து நண்பர்களுக்கு வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். பதினோராம் வகுப்பில் சி++ படிக்கும் மாணவர்கள், ஒரு செயற்கூறுக்கு (ஃபங்ஷனுக்கு) மாறியை மதிப்பு வழியாகவும் (நகலாக) அனுப்பலாம், ரெஃபரன்ஸ் வழியாகவும் (அந்த மாறியையே) அனுப்பலாம் என்று தெளிவாகவே கற்றுக்கொள்கிறார்கள். அளபுருவின் (செயற்கூறு வாங்கிக்கொள்ளும் மாறியின்) முன் ஆம்பர்சண்ட் (&) குறி இருந்தால் ரெஃபரன்ஸ், இல்லையென்றால் மதிப்பு என்பது அவர்களுக்கு மனப்பாடம். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானுக்கு வந்தவுடன் அந்தக் குறியே காணாமல் போகிறது. எண்ணை அனுப்பினால் வெளியே இருக்கும் மாறி மாறுவதில்லை, லிஸ்டை அனுப்பினால் மாறுகிறது. "இது எந்த முறை, டீச்சர்?" என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள்.

என்னிடம் உள்ள ஒரு பயிற்சி நூல், எண்களும் சரங்களும் மதிப்பு வழியாகவும், லிஸ்டும் டிக்ஷனரியும் ரெஃபரன்ஸ் வழியாகவும் போகின்றன என்கிறது. இணையத்தில் தேடினால் எல்லாமே ரெஃபரன்ஸ் என்று ஒருவரும், எல்லாமே மதிப்பு என்று இன்னொருவரும் அடித்துச் சொல்கிறார்கள். ஒரு மாணவர் தானே கணினியில் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளக்கூடிய விளக்கம் ஒன்று வேண்டும். எந்தச் சொல்லைச் சொல்வது என்பதைவிட, ஏன் அதைச் சொல்கிறோம் என்பதே எனக்கு முக்கியம்.

அடுக்குநினைவு எழுதியது:

வணக்கம் அம்மா. அந்தப் பயிற்சி நூல் சொல்வது பிழை. பைத்தானில் எண்ணுக்கு ஒரு முறை, லிஸ்டுக்கு இன்னொரு முறை என்று எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். கீழே உள்ள சிறு நிரலை மாணவர்களிடம் கொடுத்து, இயக்குவதற்கு முன் விடையை எழுதச் சொல்லுங்கள். கட்டளைச் சொற்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; அவற்றுக்குரிய பைத்தான் சொற்களை நீங்கள் இட்டுக்கொள்ளலாம்.

    செயற்கூறு திருத்து(ப):
        ப.சேர்(91)
        ப = [0]
        ப.சேர்(5)

    மதிப்பெண் = [72, 85]
    திருத்து(மதிப்பெண்)
    அச்சிடு(மதிப்பெண்)

லிஸ்ட் முழுவதும் நகலெடுக்கப்பட்டுப் போயிருந்தால், உள்ளே என்ன செய்தாலும் வெளியே [72, 85] என்றுதான் அச்சாக வேண்டும். சி++ மொழியின் ரெஃபரன்ஸ் போல, "ப" என்பது "மதிப்பெண்" என்ற மாறிக்கே இன்னொரு பெயராக இருந்தால், செயற்கூறுக்குள் இரண்டாம் வரியான "ப = [0]" செய்யும் மதிப்பிருத்தல் அந்த மாறியையே மாற்றி, விடை [0, 5] என்று வர வேண்டும். பைத்தான் தருவதோ [72, 85, 91]. சி++ வகுப்பில் படித்த இரண்டு முறைகளில் எதுவும் இந்த விடையைத் தராது என்பதைக் கவனியுங்கள். இணையத்தில் இரு தரப்பும் சளைக்காமல் சண்டை போடுவதற்குக் காரணம், ஒவ்வொருவரும் நிரலின் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதுதான். முதல் வரியை மட்டும் பார்ப்பவருக்கு அது ரெஃபரன்ஸ். இரண்டாம் வரியை மட்டும் பார்ப்பவருக்கு அது மதிப்பு.

உண்மையில் நடப்பது இது. பைத்தானில் மாறி என்பது மதிப்பை உள்ளே வைத்திருக்கும் பெட்டி அன்று. நினைவகத்தில் எங்கோ இருக்கும் ஓர் ஆப்ஜெக்டின் (எண், லிஸ்ட் போன்ற ஒரு தரவுப் பொருளின்) மேல் ஒட்டப்பட்ட பெயர். அழைப்பு நிகழும்போது, "மதிப்பெண்" என்ற பெயர் எந்த ஆப்ஜெக்டைக் குறிக்கிறதோ, அதே ஆப்ஜெக்டின் மேல் "ப" என்ற இரண்டாவது பெயரும் ஒட்டப்படுகிறது. முதல் வரி அந்த ஆப்ஜெக்டை மாற்றுகிறது. ஆகவே இரு பெயர்களின் வழியாகவும் அந்த மாற்றம் தெரிகிறது. இரண்டாம் வரி ஆப்ஜெக்டைத் தொடுவதே இல்லை. "ப" என்ற பெயரை அங்கிருந்து பிரித்தெடுத்துப் புதியதொரு லிஸ்டின் மேல் ஒட்டுகிறது. மூன்றாம் வரி புதிய லிஸ்டில் 5ஐச் சேர்க்கிறது. செயற்கூறு முடிந்ததும் அந்த லிஸ்ட் யாருக்கும் வேண்டாததாகி நினைவகத்திலிருந்து நீங்குகிறது. பைத்தானின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் பக்கம் இதை மதிப்பிருத்தல் வழி அனுப்புதல் என்று குறிப்பிடுகிறது. 1970களில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய க்ளூ மொழியின் கையேடு, இதே முறையைப் பகிர்வு வழி அழைத்தல் என்று பெயரிட்டு, இது மதிப்பு வழியும் அன்று, ரெஃபரன்ஸ் வழியும் அன்று என்று காரணத்தோடு விளக்கியிருக்கிறது.

இனி எண்ணுக்கு வருவோம். எண்ணை அனுப்பும்போதும் இதேதான் நடக்கிறது; நகலெடுப்பதில்லை. 98765432 என்ற எண்ணை ஒரு மாறியில் வைத்து, அழைப்பதற்கு முன் ஒருமுறையும், செயற்கூறின் முதல் வரியில் அளபுருவுக்கு ஒருமுறையும் "ஐடி" செயற்கூறை அழைத்து அச்சிடச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அடையாள எண்தான் வரும். பிறகு எண் ஏன் வெளியே மாறுவதில்லை? எண் ஆப்ஜெக்டுக்குள் போய் அதை மாற்றுவதற்கு வழியே இல்லை என்பதுதான் காரணம். "எ = எ + 1" என்பது புதிய எண்ணின் மேல் பெயரை ஒட்டுவதே. மேலே உள்ள நிரலின் இரண்டாம் வரியைப் போன்றதை மட்டுமே எண்ணின் மேல் செய்ய முடியும். முதல் வரியைப் போன்றதைச் செய்ய முடியாது. வேறுபாடு ஆப்ஜெக்டின் இயல்பில் இருக்கிறது, அனுப்பும் முறையில் இல்லை.

ஜாவா வாசல் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் ஜாவாக்காரர்களாகிய நாங்கள் இதே நடத்தையை மதிப்பு வழி என்றே சொல்கிறோம், அதிலும் மதிப்பு வழி மட்டுமே என்று அழுத்தமாகச் சொல்கிறோம். ஜாவாவில் ஆப்ஜெக்ட் வகையில் அறிவிக்கப்பட்ட மாறிக்குள் இருப்பது ஆப்ஜெக்ட் அன்று, ஆப்ஜெக்டைக் காட்டும் ரெஃபரன்ஸ். அழைப்பின்போது அந்த ரெஃபரன்ஸ் நகலெடுக்கப்பட்டு உள்ளே போகிறது. நகலெடுக்கப்பட்டது எதுவோ அது மதிப்பு. ஆகவே மதிப்பு வழி. முழு எண், மிதவை எண் முதலான எட்டு அடிப்படை வகைகளுக்கும் இதே விதி பொருந்துகிறது. அங்கே மாறிக்குள் எண்ணே நேராக இருப்பதால் எண்ணே நகலாகிறது.

இதைச் சோதிக்க நேர்முகத் தேர்வுகளில் காலங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: இரண்டு மாறிகளின் மதிப்பை ஒன்றுக்கொன்று மாற்றிவைக்கும் செயற்கூறை எழுத முடியுமா என்பது அது. பாஸ்கலில் "வார்" என்று அறிவித்தால் முடியும். சி++ மொழியில் ஆம்பர்சண்ட் இட்டால் முடியும். ஜாவாவில் எப்படிப் புரண்டாலும் முடியாது. ஒரே ஓர் உறுப்புள்ள அணியை (அர்ரேயை) உருவாக்கி, அதற்குள் மாறியை வைத்து அனுப்புவதைச் சிலர் செய்கிறார்கள். அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை, அதுவும் அணியின் உறுப்பை மாற்றுகிறதே தவிர அழைத்தவரின் மாறியை மாற்றுவதில்லை.

கருவிப்பெட்டி எழுதியது:

நண்பர்கள் மன்னிக்க வேண்டும். இது எனக்கு மயிர்பிளக்கும் வாதமாகத் தோன்றுகிறது. இயந்திர அளவில் பார்த்தால் எல்லா மொழியிலும் ஒரு முகவரிதான் போகிறது. சி++ ரெஃபரன்ஸும் கம்பைலர் (நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருள்) கையில் பெரும்பாலும் முகவரியாகவே மாறுகிறது, ஜாவாவில் போவதும் ஆப்ஜெக்டை எட்டுவதற்கான ஒரு குறிதான். முகவரி போனால் ரெஃபரன்ஸ் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. முகவரியையும் ஒரு மதிப்பு என்று கணக்கிட்டால், உலகில் ரெஃபரன்ஸ் வழி என்று ஒன்றே இருக்காது. அன்றாட வேலையில் நிரலருக்குத் தெரிய வேண்டியது, "நான் கொடுத்த லிஸ்டை அவன் மாற்றிவிடக்கூடுமா" என்பது மட்டுமே. மாற்றக்கூடும் என்பதால் ரெஃபரன்ஸ் என்கிறேன்.

அடுக்குநினைவு எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு ரெஃபரன்ஸ் வழி என்பது விடையாகாது. இரண்டும் வெவ்வேறு என்பதை ஒரே மொழிக்குள் காட்டக்கூடியது சி ஷார்ப். அதில் லிஸ்ட் என்பது ஜாவாவைப் போலவே ரெஃபரன்ஸ் வகை. நான் முன்பு தந்த அதே நிரலை சி ஷார்ப்பில் சாதாரணமாக எழுதினால் விடை 72, 85, 91. அளபுருவின் முன்னும், அழைக்கும் இடத்திலும் "ரெஃப்" என்ற சொல்லை மட்டும் சேர்த்துவிட்டு மீண்டும் இயக்கினால் விடை 0, 5. ஆப்ஜெக்டும் ஒன்றே, செயற்கூறின் உடலும் ஒன்றே, இரண்டு விடைகள். நீங்கள் சொல்வதுபோல முதலாவதையே ரெஃபரன்ஸ் வழி என்று அழைத்தால், இரண்டாவதை என்னவென்று அழைப்பீர்கள்?

பட்டா நகலை எடுத்துக்கொள்ளுங்கள். என் நிலத்துப் பட்டாவை நகலெடுத்து உங்களிடம் தருகிறேன். அதில் உள்ள சர்வே எண்ணைப் பார்த்து நீங்கள் நிலத்துக்குப் போய் அங்கே தென்னங்கன்று நட்டால், நான் போகும்போது கன்று அங்கே நிற்கும். ஆனால் உங்கள் கையில் உள்ள நகலில் சர்வே எண்ணை அடித்துவிட்டு வேறோர் எண்ணை எழுதினால், என் பீரோவில் இருக்கும் பட்டாவில் ஓர் எழுத்தும் மாறாது. ஜாவாவும் பைத்தானும் கொடுப்பது நகல். சி++ மொழியில் ஆம்பர்சண்ட் இட்டால், அல்லது சி ஷார்ப்பில் "ரெஃப்" இட்டால், பீரோவில் இருக்கும் மூலப் பட்டாவையே திருத்தும் உரிமை கொடுக்கப்படுகிறது.

இயந்திர அளவைப் பற்றி ஒரு சொல். மொழியின் விதி வேறு, கம்பைலர் அதை நிறைவேற்றும் வழி வேறு. ஒரு சிறிய செயற்கூறை அழைத்த இடத்திலேயே கம்பைலர் விரித்து எழுதிவிட்டால், ரெஃபரன்ஸ் வழி அனுப்பினாலும் எந்த முகவரியும் எங்கும் போவதில்லை. ஆனாலும் அழைத்தவரின் மாறி மாறத்தான் செய்யும். ஆகவே முகவரி போகிறதா என்பது அளவுகோல் ஆகாது. அளபுருவுக்கு மதிப்பிருத்தினால் அழைத்தவரின் மாறி மாறுகிறதா என்பதே அளவுகோல்.

துளை அட்டை எழுதியது:

ஓய்வுபெற்ற பொறியாளன் என்ற முறையில் சில பழைய செய்திகளைச் சேர்க்கிறேன். இரண்டே முறைகள்தான் என்ற எண்ணம் எவ்வளவு குறுகியது என்பது இவற்றால் விளங்கும்.

1958இல் வந்த ஃபோர்ட்ரான் 2இல்தான் நிரலர் தாமே துணைநிரல்களை எழுதும் வசதி வந்தது. ஆர்கியுமென்ட்கள் (அழைப்பில் அனுப்பப்படுபவை) முகவரியாகவே போயின. மாறிலியை அனுப்பினாலும் அது இருக்கும் இடத்தின் முகவரியே போகும் என்பதால், அழைப்பில் 2 என்று எழுதி, துணைநிரலுக்குள் அந்த அளபுருவுக்கு 3ஐ இருத்தினால், பழைய கம்பைலர்கள் சிலவற்றில் அதன் பிறகு நிரலில் 2 என்று எழுதிய இடமெல்லாம் 3 ஆகிவிடும். இதைக் கட்டுக்கதை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள், கதையன்று. அளபுரு உள்ளே வருவதற்கா, வெளியே போவதற்கா, இரண்டுக்குமா என்று எழுதிவைக்கும் வசதி அந்த மொழிக்கு ஃபோர்ட்ரான் 90இல்தான் வந்தது.

ஆல்கால் 60இல் நிலைமை இன்னும் விசித்திரம். "வேல்யூ" என்று தனியே அறிவிக்காத அளபுரு, பெயர் வழியே போகும். அதாவது நீங்கள் அனுப்பிய கோவையே (எக்ஸ்பிரஷனே), அளபுரு வரும் ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படும். இதைக் கொண்டு டென்மார்க்கின் யோர்ன் யென்சென் ஓர் உத்தியைக் காட்டினார்: கூட்டல் செயற்கூறுக்கு "இ" என்ற மாறியையும் "அ[இ]" என்ற கோவையையும் அனுப்பினால், உள்ளே "இ" ஏற ஏற, "அ[இ]" அடுத்தடுத்த உறுப்பைத் தரும், ஒரே செயற்கூறைக் கொண்டு எந்தத் தொடரையும் கூட்டிவிடலாம். அழகான உத்திதான். ஆனால் அதே விதியால் மேலே நண்பர் சொன்ன இடமாற்றுச் செயற்கூறு பாழாகிறது. "இ"யின் மதிப்பு 1, "அ[1]"இன் மதிப்பு 3 என்று வைத்துக்கொண்டு, இடமாற்று(இ, அ[இ]) என்று அழைத்துப் பாருங்கள். தற்காலிக மாறியில் 1 போகிறது. பிறகு "இ"க்கு "அ[இ]"இன் மதிப்பான 3 வருகிறது. கடைசியில் "அ[இ]"இல் 1ஐ வைக்க வேண்டும், ஆனால் "இ" இப்போது 3 ஆகிவிட்டதால், அந்த 1 "அ[3]"இல் போய் உட்கார்ந்துகொள்கிறது. "அ[1]" பழைய 3ஆகவே நிற்கிறது, "அ[3]"இல் இருந்தது அழிந்தது.

இன்னொரு முறையும் உண்டு: உள்ளே போகும்போது நகலெடுத்து, முடிந்து திரும்பும்போது நகலை மூல மாறியில் எழுதிவைப்பது. விர்த், ஹோர் இருவரும் முன்வைத்த ஆல்கால் டபிள்யூவில் இது இருந்தது. மேலோட்டமாக ரெஃபரன்ஸ் போலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய, ஒரே மாறியை இரண்டு அளபுருக்களுக்கும் அனுப்ப வேண்டும். செயற்கூறு தன் இரண்டு அளபுருக்களிலும் ஒவ்வொன்றைக் கூட்டுகிறது. மாறியின் மதிப்பு 5. ரெஃபரன்ஸ் என்றால் விடை 7, ஏனென்றால் ஒரே இடத்தில் இருமுறை கூட்டப்படுகிறது. நகலெடுத்துத் திருப்பி எழுதினால் விடை 6, ஏனென்றால் இரண்டு நகல்களும் தனித்தனியே 6 ஆகி, ஒன்றன் மேல் ஒன்றாக எழுதப்படுகின்றன. ஏடா 83 மொழியின் தரநிலை, அணிகளுக்கும் பதிவுகளுக்கும் இந்த இரண்டில் எதை வேண்டுமானாலும் கம்பைலர் தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டு, எதைத் தேர்ந்தது என்பதைச் சார்ந்து விடை மாறும் நிரலையே பிழையுள்ள நிரல் என்று அறிவித்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது.

இரண்டாமாண்டு எழுதியது:

ஐயா, இந்த 6, 7 வேறுபாடு இன்றைய மொழிகளில் எங்காவது இருக்கிறதா? தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டியதா என்பதற்காகக் கேட்கிறேன்.

அடுக்குநினைவு எழுதியது:

இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழியின் "இன்-அவுட்" அளபுரு, மொழியின் விதிப்படி, நகலெடுத்துத் திருப்பி எழுதும் முறையே. கம்பைலர் வசதிப்பட்டால் முகவரியை அனுப்பிக்கொள்ளும். விடை 6ஆ 7ஆ என்ற சிக்கல் எழாதிருக்க, ஒரே மாறியை இரண்டு இன்-அவுட் அளபுருக்களுக்கு அனுப்புவதையே அந்த மொழி தடை செய்துவிட்டது. ரஸ்ட் மொழியும் அப்படியே. மாற்றும் உரிமையோடு ஒரு மாறியை ஒருவரிடம் கொடுத்திருக்கும்போது, அதே மாறியை வேறு எவரும் படிக்கக்கூட முடியாது. சி++ மட்டும் நிரலரின் பொறுப்பில் விட்டுவிட்டது.

கோ நிரலர் எழுதியது:

கோ மொழியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். கோ மொழியில் எல்லாமே மதிப்பு வழிதான், விதிவிலக்கே கிடையாது. ஆனாலும் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஸ்லைஸ் என்பது மூன்று புலங்கள் கொண்ட ஒரு சிறு தலைப்பகுதி: தரவு இருக்கும் அணியின் முகவரி, நீளம், கொள்ளளவு. 64 பிட் கணினியில் மொத்தம் 24 பைட். அனுப்பும்போது இந்த 24 பைட் மட்டுமே நகலாகிறது; அணி நகலாவதில்லை.

1, 2, 3 என்ற மூன்று உறுப்புகள் மட்டும் கொண்ட ஸ்லைஸை அனுப்புங்கள். உள்ளே முதல் உறுப்பை 100 ஆக்குங்கள். பிறகு 4ஐச் சேர்த்து, வந்ததை அளபுருவிலேயே இருத்துங்கள். பிறகு இரண்டாம் உறுப்பை 200 ஆக்குங்கள். வெளியே அச்சிட்டால் வருவது 100, 2, 3. கொள்ளளவு மூன்றே என்பதால், 4ஐச் சேர்க்கும்போது வேறோர் இடத்தில் பெரிய அணி ஒதுக்கப்பட்டு எல்லாம் அங்கே பெயர்ந்தன. 200 அந்தப் புதிய அணியில் எழுதப்பட்டது. இப்போது அதே மூன்று உறுப்புகளைக் கொள்ளளவு 10 என்று ஒதுக்கிய ஸ்லைஸில் வைத்து அதே செயற்கூறுக்கு அனுப்புங்கள். வெளியே வருவது 100, 200, 3. இடம் இருந்ததால் அணி பெயரவில்லை. சேர்த்த 4 அதே அணியின் நான்காம் இடத்தில் உண்மையாகவே இருக்கிறது; ஆனால் அழைத்தவரிடம் உள்ள தலைப்பகுதியில் நீளம் 3 என்றே இருப்பதால் அவருக்கு அது தெரிவதில்லை.

செயற்கூறில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அழைத்தவர் எப்படி ஒதுக்கினார் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. இதனால்தான் சேர்க்கும் செயற்கூறு எப்போதும் புதிய ஸ்லைஸைத் திருப்பித் தருகிறது, அதை வாங்கி மீண்டும் அதே மாறியில் வைக்கிறோம். மதிப்பு வழி என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதாது; எந்த மதிப்பு என்றும் தெரிய வேண்டும்.

ஜாவா வாசல் எழுதியது:

சி மொழியிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. அங்கும் எல்லாம் மதிப்பு வழியே. ஆனால் அணியை அனுப்பினால், அதன் முதல் உறுப்பைக் காட்டும் பாயின்ட்டர்தான் போகிறது. உள்ளே "சைஸ்ஆஃப்" கேட்டால் அணியின் அளவு வராது, பாயின்ட்டரின் அளவே வரும். அதே அணியை ஒரு ஸ்ட்ரக்சருக்குள் (பல புலங்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்புக்குள்) வைத்து அனுப்பினால் முழுவதும் நகலாகிறது.

கருவிப்பெட்டி எழுதியது:

சி ஷார்ப் எடுத்துக்காட்டுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. "ரெஃப்" உள்ளதையும் இல்லாததையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் என் அன்றாடக் கேள்வி அப்படியே நிற்கிறது, அதற்கு இந்தப் பெயர்கள் எதுவும் விடை சொல்வதில்லை. சி++ மொழியில் பெரிய ஆப்ஜெக்டை "கான்ஸ்ட் ரெஃபரன்ஸ்" ஆக அனுப்பு, நகலெடுக்கும் செலவும் இல்லை, மாறிவிடுமோ என்ற அச்சமும் இல்லை என்று எங்கள் குழுவில் ஒரு வாய்ப்பாடு உண்டு. அந்த வாய்ப்பாட்டிலாவது குறையில்லையே?

அடுக்குநினைவு எழுதியது:

பெரிய ஆப்ஜெக்டுக்கு அது நல்ல வாய்ப்பாடுதான். சிறியதற்கு அதையே நீட்டினால் இரண்டு வகையில் இடிக்கும்.

முதலாவது, வேகம். லினக்ஸிலும் மேக்கிலும் எக்ஸ்86-64 கணினிகளுக்கான அழைப்பு மரபுப்படி, முதல் ஆறு முழு எண் ஆர்கியுமென்ட்கள் ரெஜிஸ்டர்களிலேயே (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களிலேயே) போகின்றன. 16 பைட் வரையுள்ள எளிய ஸ்ட்ரக்சர்களும் பொதுவாக அப்படியே போய்விடுகின்றன. ஒரு மிதவை எண்ணை ரெஃபரன்ஸாக அனுப்புவது, கையில் இருப்பதை நினைவகத்தில் வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பி, எதிரில் இருப்பவரைப் போய் எடுக்கச் செய்வதாகும். சி++ வழிகாட்டு நெறிகள், இரண்டு மூன்று சொல் அளவுக்குள் இருப்பதை மதிப்பாகவே அனுப்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, சரித்தன்மை, இதுதான் பெரிய பிரச்சினை. எண்கள் அடங்கிய ஒரு வெக்டரை (நீளம் மாறக்கூடிய அணியை) ரெஃபரன்ஸாகவும், வகுக்கும் எண்ணைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாகவும் வாங்கி, ஒவ்வோர் உறுப்பையும் அந்த எண்ணால் வகுக்கும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். வெக்டரில் 2, 4, 6 இருக்கின்றன. முதல் உறுப்பால் எல்லாவற்றையும் வகுக்க வேண்டும் என்று, வெக்டரையும் அதன் முதல் உறுப்பையும் அனுப்புகிறீர்கள். எதிர்பார்ப்பது 1, 2, 3. கிடைப்பது 1, 4, 6. முதல் சுற்றில் 2ஐ 2ஆல் வகுத்ததும் முதல் உறுப்பு 1 ஆகிறது. வகுக்கும் எண்ணும் அதே இடம்தான் என்பதால் அதுவும் 1 ஆகிவிடுகிறது. மீதி எல்லாம் 1ஆல் வகுபடுகின்றன. கம்பைலர் ஓர் எச்சரிக்கையும் தராது. "கான்ஸ்ட்" என்பது இந்தப் பெயரின் வழியாக நான் மாற்ற மாட்டேன் என்ற வாக்குறுதி மட்டுமே. வேறு பெயரின் வழியாக அது மாறாது என்ற உத்தரவாதம் அன்று. இந்த ஐயம் கம்பைலருக்கும் உண்டு என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் வகுக்கும் எண்ணை நினைவகத்திலிருந்து மீண்டும் படிக்க வேண்டிய நிலைக்கு அது தள்ளப்படுகிறது. அளபுருவிலிருந்து ஆம்பர்சண்டை எடுத்துவிட்டால் விடையும் சரியாகும், வேகமும் கூடும். ரஸ்டில் இந்த அழைப்பு கம்பைல் ஆகவே ஆகாது.

உங்கள் அன்றாடக் கேள்விக்கு அனுப்பும் முறையின் பெயர் விடை சொல்லாது என்பது உண்மை. பைத்தானில் அதற்கு விடை சொல்வது மரபு: லிஸ்டை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்தும் "சார்ட்" எதையும் திருப்பித் தருவதில்லை, புதிய லிஸ்டைத் தரும் "சார்ட்டட்" மூலத்தைத் தொடுவதில்லை. நம் செயற்கூறுகளும் இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். மாற்றவும் செய்து, மாற்றியதைத் திருப்பியும் தரும் செயற்கூறை அழைப்பவர், தன் கையில் இருப்பது புதியது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

துளை அட்டை எழுதியது:

எதுவும் குறிப்பிடாதபோது மொழி எடுத்துக்கொள்ளும் இயல்பிருப்பு எது என்பதும் சிறிய செய்தியன்று. விஷுவல் பேசிக் 6இல் எதுவும் எழுதாவிட்டால் ரெஃபரன்ஸ் வழி. 2002இல் வந்த டாட்நெட் பதிப்பில் எதுவும் எழுதாவிட்டால் மதிப்பு வழி. அளபுருவையே தற்காலிக மாறியாகப் பயன்படுத்தும் பழக்கம் நிரலர்களிடம் உண்டு. பழைய பதிப்பில், தொகையை முழு ரூபாயாக்கும் செயற்கூறு அந்தப் பழக்கத்தால் அழைத்தவரின் தொகையையும் சத்தமில்லாமல் முழுதாக்கிவிடும்.

மேல்நிலைக் கணினி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அடுக்குநினைவு அவர்கள் தந்த மூன்று வரி நிரலை இன்று வகுப்பில் கொடுத்தேன். இயக்குவதற்கு முன் பெரும்பாலானோர் [0, 5] என்று எழுதினார்கள், சிலர் [72, 85] என்று எழுதினார்கள்; இயக்கிய பிறகுதான் முதல் வரியையும் இரண்டாம் வரியையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பள்ளியின் மாதிரித் தேர்வில் "பைத்தான் எந்த முறை" என்ற ஒரு மதிப்பெண் கேள்வியை நீக்கிவிட்டு, இந்த நிரலைக் கொடுத்து, வெளியீட்டையும் காரணத்தையும் எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன். "ப = [0]" என்ற வரிக்குப் பதிலாக "ப = ப + [0]" என்று இட்டு இரண்டாவது பகுதி ஒன்றும் கேட்கலாமா?

அடுக்குநினைவு எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள் அம்மா; விடை மாறாது, [72, 85, 91] என்றே வரும், ஏனென்றால் கூட்டல் குறி புதிய லிஸ்டை உருவாக்குகிறது. ஆனால் வினாத்தாளைத் தட்டச்சு செய்பவர் அதைச் சுருக்கி, கூட்டல் குறியையும் சமக்குறியையும் சேர்த்து "ப += [0]" என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிஸ்டுக்கு அந்தக் குறி இருந்த இடத்திலேயே சேர்க்கும். அப்போது வெளியே வரும் விடை [72, 85, 91, 0, 5]. எண்ணுக்கும் சரத்துக்கும் டியூப்பிளுக்கும் அதே குறி புதிய ஆப்ஜெக்டைத் தரும். இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பதானால் ஐந்து மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.